மூன்றாவது கம்பு

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். வீட்டில் இளசுகள் போனை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுல எது நல்லாருக்கு?" என்று கேட்பார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டாவது" என்போம். போன மாதம் என் மகள் கேட்டதற்கு மட்டும் எனக்கு நிஜமாகவே பதில் தெரிந்திருந்தது. ஆபீஸ் கூட்டாளிகளோடு கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாளாம். கயிற்றை இழுத்துக் கட்ட முளைகள் வாங்க வேண்டும். போனில் பத்துத் தினுசு முளை இருந்தது. மணலில் எது நிற்கும் என்று கேட்டாள்.

"ஊசி மாதிரி இருக்கதெல்லாம் வேண்டாம். நீளமா, பட்டையா இருக்கத வாங்கு. அதுவும் நிக்கலன்னா சாக்குல மண்ண ரொப்பி, குழி தோண்டிப் பொதச்சு, அதுல கயிறக் கட்டு. ஆன வந்து இழுத்தாலும் வராது."

மகள் சிரித்தாள். "ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பாதிதான். மீதியை உங்களிடம் சொல்கிறேன். மகளிடம் சொல்லத் தைரியம் போதவில்லை.

அப்போது எட்டாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை விடுமுறை. தூத்துக்குடியில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணியர் படையில் பதினெட்டுப் பெண்கள். ஆறாறு பேராக மூன்று அணி. ஓர் அணிக்கு நான் தலைவி. தலைவிக்குக் கழுத்தில் வெள்ளைக் கயிற்றில் கோத்த விசில் உண்டு. அந்த விசிலை வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே, பிற்பாடு வேலைக்குக்கூட அத்தனை பாடு படவில்லை. அடுத்து பாளையங்கோட்டையில் ஒரு பேரணி வருவதாக இருந்தது. அதில் எங்கள் படையின் கொடியை ஏந்தி முன்னால் நடப்பது யார் என்பது இந்த முகாமில் முடிவாகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எந்தக் கூடாரம் அசையாமல் நிற்கிறதோ அந்த அணித் தலைவிக்குக் கொடி. மேலிடத்திலிருந்து ஓர் அம்மா, முகாமின் இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பார்வையிட வருவார்.

டீச்சர் நாசரேத் பக்கத்துக்காரர். தேரி என்கிற செம்மண் மேட்டுக் காட்டில் வளர்ந்தவர். காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் கையில் ஒரு சாரணியர் புத்தகம். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். திட்ட வேண்டியது அவரை மட்டும் அல்ல.

உப்பு லாரி ஒன்றில் எங்களை ஏற்றிக்கொண்டுபோய், வேம்பாருக்குச் சற்றுத் தெற்கே கடற்கரை ரோட்டில் இறக்கிவிட்டார்கள். எனாமல் குவளை, ஓல்டால், அரிக்கேன் விளக்கு, பட்டாளத்தில் கழித்துப்போட்ட காக்கிக் கூடாரங்கள் மூன்று. மெழுகும் எலிப்புழுக்கையும் நனைந்த சாக்கும் கலந்த அந்தக் கூடாரத் துணியின் வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது அப்படிப்பட்ட துணியை எங்கேயும் பார்ப்பதில்லை.

எங்கள் முகாம் ஒரு மணல்மேட்டின் மேல். கிழக்கே கடல். மேற்கே வெள்ளை வெளேரென்று ஒரு வெட்டவெளி. அதில் ஒரு புல் இல்லை, ஒரு காக்கை வந்து உட்காரவில்லை. அதற்கு அக்கரையில் உப்பளமும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகையும். வடக்கே, கூப்பிடு தூரத்தில், உடைமரப் புதர் ஒன்று. அதற்கு அப்பால் ஏழெட்டுக் குடிசைகள். அந்தப் புதருக்குப் பின்னாலிருந்து வெட்டவெளியைக் கடந்து அக்கரை வரைக்கும் இடுப்பு உயரக் கம்புகள் ஒரு வரிசையாகப் போயின. நேராக அல்ல, வளைந்து வளைந்து. பனைமரத்தைப் பிளந்து சீவிய பட்டைக் கம்புகள்.

குடிசைகளிலிருந்து ஒரு பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் வயதுதான். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். முதல் நாள் காலையில் அவள் குடத்தை இறக்கிவைக்கும்போது நான்தான் கேட்டேன்.

"அங்கன நிக்குத கம்பெல்லாம் எதுக்குளா?"

"அதுவா? எங்கம்மாக்கு."

"ஒங்கம்மாக்கா?"

"எங்கம்மாக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நெழலாட்டந்தான். அப்பா அந்த மோட்டார் கொட்டாய்ல வேல பாக்காவ. மத்தியானம் சோறு கொண்டு போவணும். ரோட்டு வழியா சுத்திப் போனா ரெண்டு மைலு. இப்படிக் குறுக்க போனா கிட்டக்க. ஆனா இது பூரா உளை. மேல உப்பு காஞ்சு கெடக்கும், கால வச்சா கீழ சேறு இழுத்துரும். அப்பாதான் ஒரு கோடை முச்சூடும் கடப்பாரையால குத்திக் குத்திப் பாத்து, கெட்டித் தரை இருக்க எடத்துல கம்பு ஊனுனாவ. எங்கம்மா ஒண்ணொண்ணா தொட்டுக்கிட்டே போயிருவா."

"நீயே சோத்தக் கொண்டு போலாம்ல?"

"நல்லா விடுவாளே! அவ கையால கொண்டுபோய்க் குடுக்கணுமாம் அவளுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். குடத்தை எடுத்தவள், போகிறபோக்கில், "அதத் தொட்ராதிய, என்ன?" என்றாள்.

"நாங்க எதுக்குத் தொடப் போறோம்" என்றேன்.

கூடாரம் போட்ட கதையைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் கொடுத்த முளைகள் இரும்பில் செய்தவை, விரல் கனம், ஒரு சாண் நீளம். பள்ளிக்கூட மைதானத்தில் சுத்தியலால் அடித்து இறக்கினால் கல்லாக நிற்கும். இங்கே கையால் அழுத்தினாலே போய்விட்டது. அதே சுருக்கில் வெளியேயும் வந்துவிட்டது. மேற்கேயிருந்து கச்சான் காற்று வேறு. மத்தியானத்துக்குள் என் கூடாரம் மூன்று தடவை எங்கள் தலைமேலேயே விழுந்தது. சாய்த்து அடித்தோம். இரண்டிரண்டாகச் சேர்த்து அடித்தோம். டீச்சர் புத்தகத்தைப் புரட்டி, "இளகிய தரைக்கு நீண்ட, அகன்ற முளை" என்று சத்தமாக வாசித்தார். அகன்ற முளைக்கு நாங்கள் எங்கே போக? இன்னோர் அணி பனைமட்டையை வெட்டி ஊன்றிப் பார்த்தது. பச்சை மட்டை வளைந்து கொடுத்துவிட்டது.

மூன்றாவது அணியின் தலைவி ஒரு குண்டுப் பெண். அவள்தான் அரிசி வந்த சாக்கில் மணலை ரொப்பி, முழங்கை ஆழத்தில் புதைத்து, கயிற்றை அதில் கட்டினாள். நாங்கள் ஆறு பேர் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. அவ்வளவுதான், பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆனால் டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "என்னளா இது, அரிசிக் கட மாதிரி! வாரவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? முள எங்கன்னு கேப்பாங்களே" என்று எல்லாவற்றையும் தோண்டி எடுக்கச் சொல்லிவிட்டார்.

கொடி அந்தக் குண்டுப் பெண்ணுக்குப் போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். டீச்சர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்தச் சந்தோஷத்திலேயே வாயைத் திறந்தேன்.

"டீச்சர், அங்கன நீளமாக் கம்பு நிக்கி. பட்டையா இருக்கு."

"யாருதுளா?"

"யாருதும் இல்ல டீச்சர். சும்மாதான் நிக்கி."

கவனியுங்கள், அவர் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன். டீச்சர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "விட்டுப்போன உப்பளத்து எல்லைக் கம்பா இருக்கும். நல்ல கண்ணுளா ஒனக்கு!" என்று என் முதுகில் தட்டினார். அவர் ஊரில் தரை என்றால் தரைதான். மேலே காய்ந்து கீழே வாயைத் திறந்து வைத்திருக்கும் தரையை அவர் பார்த்ததே இல்லை.

அக்கரைக் கடைசியிலிருந்து பிடுங்கிக்கொண்டே திரும்பி வருவோம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அப்போதுதானே வழி தெரியும்! இடமும் வலமும் ஆட்டி இழுத்தால் ஒவ்வொரு கம்பும் 'ளொப்' என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. குழியில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மூடிக்கொண்டது. கம்புகளின் தலைப்பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. என் தோழி ஒருத்தி அதைத் தடவிவிட்டு, "எண்ண தேச்ச மாதிரி இருக்குளா" என்றாள். நான் அடுத்த கம்பை ஆட்டத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்திரண்டு. குடிசைப் பக்கம் முதலில் நின்ற இரண்டும் வெடித்துப் போயிருந்தன. கயிறு கட்டினால் தாங்காது என்று அவற்றை விட்டுவிட்டோம். மூன்று கூடாரத்துக்கும் பத்துப் பத்து, கணக்காக இருந்தது.

பொழுது சாயும்போது தண்ணீர்க்காரப் பெண் வந்தாள். கூடாரங்களைப் பார்த்தாள். குடத்தை இறக்காமலே நின்றாள்.

நான் அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "ஏளா, சத்தம் போடாத. நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு அம்மா வந்து பாத்துட்டுப் போயிருவாங்க. பதினோரு மணிக்கெல்லாம் அப்படியே கொண்டுபோய் ஊனிருவோம். ஒங்கம்மா எப்பம் போவா?"

"பன்னெண்டரைக்கு."

"பெறவு என்ன? அதுக்குள்ள ஊனிருவோம்."

"எங்கம்மாட்ட சொல்லிருதேன்" என்றாள்.

"சொன்னா ஒங்கப்பா வந்து சண்டைக்கு நிப்பாரு. டீச்சர் என்னைக் கொன்னுருவாங்க. சத்தியமா ஊனிருவேன்ளா." சாரணியர் மூன்று விரலை நிமிர்த்திச் சத்தியம் செய்தேன். அவள் அந்த மூன்று விரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். டவுனுப் பிள்ளை, சீருடை வேறு போட்டிருக்கிறது, பொய் சொல்லாது என்று நினைத்திருப்பாள்.

அன்றிரவு கச்சான் போட்டு வாங்கியது. ஒரு கூடாரமும் அசையவில்லை.

மறுநாள் பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பார்வையிட வரும் அம்மாவைக் காணோம். வழியில் ஜீப் கெட்டுப்போய் நிற்கிறது, மூன்று மணிக்கு வருவார்கள் என்று ரோட்டில் போன ஒரு லாரிக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், அந்தக் கம்ப..." என்று ஆரம்பித்தேன். "கம்புக்கு என்ன? நல்லாத்தான நிக்கி? போய்க் காவலுக்கு நில்லு" என்று அனுப்பிவிட்டார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்றுச் சொன்ன பொய் வெளியே வரும், கொடி போய்விடும்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மேட்டின் மேற்கு விளிம்பில் நான் மட்டும் தடியோடு காவல் நின்றேன். பன்னிரண்டரை இருக்கும். காற்று சட்டென்று நின்றுவிட்டது. காலையிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்தது நின்றதும், செவிடாகிவிட்டோமோ என்று காதைத் தேய்த்துப் பார்த்தேன். வெட்டவெளி முழுவதும் கானல் நெளிந்தது.

உடைமரப் புதருக்குப் பின்னாலிருந்து தண்ணீர்க்காரப் பெண்ணின் அம்மா வெளியே வந்தாள்.

நீலச்சேலை. கையில் தூக்குச்சட்டி. விசிலை எடுத்து உதட்டில் வைத்தேன். ஊதினால் கேட்கும் தூரம்தான். ஊதினால் எல்லோரும் ஓடி வருவார்கள், கேட்பார்கள். ஊதலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலக்கையை நீட்டினாள். இடுப்பு உயரத்தில் எதையோ பிடித்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிடித்த கையை விட்டுவிட்டு ஏழெட்டு எட்டு வைத்தாள். மறுபடி நீட்டினாள், பிடித்தாள். நாங்கள் பிடுங்கிய இடம் ஒவ்வொன்றிலும் அந்தக் கை போய் உட்கார்ந்தது. வரிசை வளைகிற இடத்தில் வளைந்தாள். ஓரிடத்தில் சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். மாற்றும்போது, இல்லாத கம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் நடந்த பாதை, கம்பு இல்லாமலே பழகிவிட்டது என்று நினைத்தேன். விசிலை உதட்டிலிருந்து எடுத்தேன். அவள் அக்கரை போய்ச் சேர்கிற வரைக்கும் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். கரையேறியதும் கானலில் மறைந்துபோனாள். நான் போய் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. எல்லோரும் கூடாரத்துக்குள் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது. காற்று இன்னும் வரவில்லை. உள்ளே புழுக்கம். அப்போது கூடாரத்தின் ஒரு மூலைக் கயிறு லேசாக இழுபட்டது. துணி சுருங்கி விரிந்தது. பிறகு அடுத்த கயிறு. அதற்கடுத்த கயிறு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏழெட்டு எட்டு நடக்கிற நேரம். எங்கள் கூடாரத்தைச் சுற்றி முடிந்ததும் பக்கத்துக் கூடாரத்தில் ஒருத்தி, "ஏளா, யாரு கயிற இழுக்கது?" என்று குசுகுசுத்தாள்.

"வெளிய யாரு வெளையாடுறது?" என்று டீச்சர் தம் இடத்திலிருந்து அதட்டினார். வெளியே யாரும் இல்லை. பதினெட்டுப் பேரும் உள்ளேதான் இருந்தோம். டீச்சர் வந்து எண்ணிப் பார்த்தார். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கூடாரத்துக் கயிறுகள் ஒவ்வொன்றாக ஆடுவதை அவரும் பார்த்தார். "உப்புக் காத்து, கயிறு சுருங்குது" என்றார். கயிற்றின் பக்கம் போகவில்லை. தூரத்தில் ஏதோ மெல்லிசாக இழுத்து இழுத்துக் கத்தியது. "ஆலா கத்துது" என்றாள் என் தோழி. கடற்கரையில் அந்தப் பறவை கத்துவது வழக்கம்தான். நாங்கள் நம்பினோம்.

மூன்று மணிக்கு மேலிடத்து அம்மா வந்தார். கம்புகளைச் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தார். "தரைக்கு ஏத்த முளை. யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார். டீச்சர் என்னை முன்னால் தள்ளினார். எல்லோரும் கை தட்டினார்கள். கொடி எனக்குத்தான் என்று அங்கேயே சொன்னார்கள். அதற்குள் பிற்பகல் கடல்நீர் ஓடை வழியாக ஏறி வெட்டவெளியை நிறைத்திருந்தது. அதிகமில்லை, நிற்பவர்களுக்கு முழங்கால் அளவு.

ஜீப் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க்காரப் பெண் ஓடி வந்தாள். "எங்கம்மாவப் பாத்தியளா? அப்பாக்கு இன்னும் சோறு வரல. பசிக்குன்னு வீட்டுக்கே வந்துட்டாவ."

நான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேட்டின் அடியில், ஏறியிருந்த தண்ணீரில், மூடி போட்ட தூக்குச்சட்டி ஒன்று மிதந்து வந்து கரையில் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துத் திறந்து பார்த்தாள். சோறு நனையாமல் இருந்தது.

குடிசை ஆட்கள் பலகையைப் போட்டுத் தேடினார்கள். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் விட்டுவைத்த இரண்டு கம்புகளைத் தாண்டி, மூன்றாவது கம்பு நின்ற இடத்துக்கு ஓரடி தள்ளி, புதர் மறைவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சு வரை சேறு. அதற்கு மேல் தண்ணீர். கம்பைத் தேடி ஓரடி விலகியிருக்கிறாள், அவ்வளவுதான். அதற்கு அப்பால் அவள் ஓர் எட்டுக்கூட வைக்கவில்லை.

புதரைத் தாண்டி வெளியே வராதவளை நான் அக்கரை வரைக்கும் பார்த்தேன். அதைப் பார்த்ததால்தான் விசிலை ஊதவில்லை.

டீச்சர் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குடிசை ஆட்களில் மூத்தவர் ஒருவர் எங்கள் கூடாரங்களைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். "டவுனுப் பிள்ளைய. அதுகளுக்கு என்ன தெரியும்? தெரியாமச் செஞ்சிட்டுவ" என்றார். தண்ணீர்க்காரப் பெண்ணின் அப்பாவும் அதையே சொன்னார். "தெரியாமத்தான செஞ்சுதுவ" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் டீச்சர் எழுந்தார். "இருட்டுமுன்ன கம்பெல்லாம் பழைய எடத்துல ஊனணும். இன்னொருத்தர் போய் விழுந்துரக் கூடாது" என்றார். கேள்வி கேட்டு யாராவது வருவதற்குள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்பதும் அவர் மனதில் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. குழிகளோ மூடிப்போய்விட்டன. "எங்கன இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"எனக்குத் தெரியும் டீச்சர்."

என் இடுப்பில் கூடாரக் கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தம் கையில் சுற்றிக்கொண்டு டீச்சர் என் கால் தடத்திலேயே வந்தார். பின்னால் பெரிய பெண்கள் கம்புகளைச் சுமந்து வந்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்திருந்தது. அந்த அம்மா கையை நீட்டிய இடம் ஒவ்வொன்றிலும் நான் கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் கம்பை இறக்கினேன். ஒரு தடவைகூட என் கால் உள்ளே போகவில்லை. அவள் சட்டியைக் கை மாற்றிய இடத்தில் மட்டும் நான் நிற்கவில்லை, வேகமாக ஊன்றிவிட்டு நகர்ந்தேன். அன்றிரவு கூடாரங்களை மணல் சாக்குகளில்தான் கட்டினோம். கச்சான் விடிய விடிய அடித்தது. சாக்குகள் அப்படியே நின்றன.

விடிந்ததும் அந்த அப்பா மனைவி நின்ற இடத்தைப் பார்க்க வந்தார். கையில் கடப்பாரை இருந்தது. வரிசையாக நின்ற கம்புகளைப் பார்த்துவிட்டு, பழக்கமோ என்னமோ, ஒவ்வொன்றின் அடியிலும் குத்திப் பார்த்துக்கொண்டே அக்கரை வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஒரு சாண் பெசகல" என்றார். "நான் ஊனுன எடத்துலயே நிக்கி. யாரு ஊனுனது?"

டீச்சர் என்னைக் காட்டினார். அந்த அப்பா என் தலையில் கை வைத்தார். "ஒனக்கு எப்படித் தாயி தெரிஞ்சுது?"

"புடுங்கும்போது எண்ணி வச்சேன்" என்றேன். இரண்டு நாளில் நான் சொன்ன இரண்டாவது பொய். அவர் கண் கலங்கி, "நல்லா இருப்ப" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன், பாருங்கள்.

லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். நேராக என்னிடம் வந்து கூடாரத் துணி மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ எண்ணி வைக்கல. வளைஞ்சு போற வரிச, எண்ணுனா தெரியாது. எப்படி ஊனுன?"

அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. "ஒங்கம்மா அக்கர வர நடந்து போனத நான் பாத்தேன். ஒவ்வொரு எடத்துலயும் கைய வச்சா. அத வச்சுத்தான் ஊனுனேன்."

காறித் துப்புவாள், அறைவாள், கத்தி ஊரைக் கூட்டுவாள் என்று நின்றேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"போய்ச் சேந்தாளா?" என்று கேட்டாள்.

"சேந்தா."

"அப்பாக்கு சோத்தக் குடுத்தாளா?"

"அது தெரியல. கரையேறுனது வரதான் பாத்தேன்."

பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. குரலை இறக்கி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"கம்பப் புடுங்கிட்டாங்கன்னு எனக்கு முந்தின நாளே தெரியும்னு எங்கப்பாட்ட சொல்லிராதளா. தெரிஞ்சும் எங்கம்மாட்ட சொல்லாம இருந்துட்டேன். நாந்தான் அவளக் கொன்னுட்டேன்."

இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார். டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.